இறந்த காலத்தின் தொல்லை

மேச்சேரிப் பையன் ஒருவன், "நேற்று நான் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை" என்பதை ஆங்கிலத்தில் எழுதப் புகுந்தானென்று வைத்துக்கொள்வோம். பெரும்பாலும் அவன் "ஐ டிட் நாட் கேம்" என்றே எழுதி வைப்பான். உபாத்தியாயர் 'கேம்' என்பதை அடித்து 'கம்' என்று திருத்துவார். காரணத்தைப் பையன் கேட்பதில்லை. கேட்டாலும், "அது அப்படித்தான், மனப்பாடம் பண்ணு" என்ற பதில்தான் அநேகமாகக் கிடைக்கும்.

பையனுடைய தர்க்கத்தில் கோணல் ஒன்றுமில்லை. நடந்தது நேற்று; நேற்று என்றால் இறந்த காலம்; 'கம்' என்பதற்கு இறந்த காலம் 'கேம்'. இதற்குமேல் அவன் என்ன செய்வான்? ஆனால் அவனுக்கே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தை யாரும் அவனுக்கு ஞாபகப்படுத்தவில்லை. தமிழில் அவன் 'வந்தான்' என்கிறான். அதை மறுக்கும்போது 'வந்தவில்லை' என்கிறானா? 'இல்லை' வந்து சேர்ந்ததும் 'வந்தான்' என்பதிலுள்ள காலக்குறி கழன்றுபோய், 'வர' என்னும் எச்சம் மட்டும் மிஞ்சுகிறது. ஆங்கிலத்திலும் ஏறக்குறைய இதே கதைதான். 'டிட்' என்னும் துணைவினை காலத்தைச் சுமந்துகொண்டதும், பிரதான வினை சுமையை இறக்கிவிட்டுப் பழைய உருவத்துக்குத் திரும்பிவிடுகிறது. கேள்வி கேட்கும்போதும் அப்படியே: "டிட் யூ கம்?" ஒரே ஒரு வித்தியாசம். நம்முடைய 'வரவில்லை' நேற்றைக்கும் பொருந்தும், இன்றைக்கும் பொருந்தும். ஆங்கிலேயனோ இன்றைக்கு 'டூ' அல்லது 'டஸ்' என்றும், நேற்றைக்கு 'டிட்' என்றும் பங்கு பிரித்து வைத்திருக்கிறான். இதைத் தமிழிலேயே பத்து நிமிஷம் விளக்கினால் போதும்.

அடுத்தபடியாக அந்தப் பிரசித்தி பெற்ற பட்டியல். 'கோ – வெண்ட் – கான்', 'ஈட் – ஏட் – ஈட்டன்' என்று பிள்ளைகள் தலையை ஆட்டி ஆட்டி ஒப்பிப்பதைக் கேளாத தெரு நம் நாட்டில் இல்லை. இங்கிலீஷ்காரனுடைய பாஷை ஓர் ஒழுங்குமில்லாத பாஷையென்று நாம் பரிகசிப்பதும் உண்டு. பரிகசிக்குமுன் நம் வீட்டுக்குள் சற்றே பார்த்துக்கொள்வது நல்லது. போ – போனான், வா – வந்தான், தின் – தின்றான், உண் – உண்டான், கேள் – கேட்டான், சொல் – சொன்னான், சா – செத்தான்! இதில் ஒழுங்கைக் கண்டுபிடிக்க நன்னூலார் வரவேண்டியிருந்தது. த், ட், ற், இன் என்று இடைநிலைகளை அவர் வகுத்தார். புகு, விடு, பெறு முதலியன அவற்றுக்குள் அடங்காமல், ஒற்றை இரட்டித்துக்கொண்டு புக்கான், விட்டான், பெற்றான் என்று நின்றன. சென்னைச் சர்வகலாசாலை 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ் லெக்ஸிகனில் வினைச்சொற்களுக்குப் பக்கத்தில் ஓர் எண் இட்டிருப்பதைக் காணலாம். 13 வகுப்புகளில் இந்த வினை எதைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் எண் அது. நாம் இந்த 13 வகுப்பையும் தாயின் மடியிலேயே, பிரம்படி இல்லாமல் கற்றுவிட்டோம்.

ஆங்கிலத்தில் பிடிவாதக்கார வினைகள் 200 அளவில்தான் இருக்கும். மற்றவை யாவும் வாலில் 'எட்' என்பதை ஒட்டிக்கொண்டு சாதுவாக நடக்கின்றன. பிடிவாதக்காரர்களும் காலப்போக்கில் குறைந்தே வந்திருக்கிறார்கள். உதவி செய்தல் என்னும் பொருளுள்ள 'ஹெல்ப்' முன்னொரு காலத்தில் 'ஹோல்ப்' என்று மாறிக்கொண்டிருந்தது. 1611-ல் அச்சான பைபிளில் 'ஹோல்ப்பன்' என்ற வடிவம் இன்னும் இருக்கிறது. இப்போது எல்லாம் 'ஹெல்ப்ட்'. 'வெண்ட்' என்பதோ 'கோ'வுக்குப் பிறந்த பிள்ளையே அன்று. வேறொரு வினையிடமிருந்து சுவீகாரம் எடுத்தது. மேச்சேரி செம்மறியாட்டுக்குப் பெயர்போன ஊர். ஆடு ஒன்றானாலும் 'ஷீப்', நூறானாலும் 'ஷீப்' என்பதை ஏற்றுக்கொண்ட பையன், இன்று வெட்டினாலும் நேற்று வெட்டினாலும் 'கட்' என்பதையும் ஏற்றுக்கொள்வான்.

உச்சரிப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வல்லின ஒற்றில் சொல்லை முடிப்பது தமிழ் நாவுக்கு வழக்கமில்லை. 'வாக்ட்' என்பது 'வாக்கெடு' ஆவது அதனால்தான். இதற்காகப் பிள்ளையைப் பரிகசிப்பது அநியாயம்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. அம்மா கூப்பிட்டால், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமலே "இதோ வந்தேன்!" என்கிறோம். விரைவு குறித்து எதிர்காலத்தை இறந்த காலமாகச் சொல்வதை நம் இலக்கணம் கால வழுவமைதி என்று மன்னித்திருக்கிறது. ஆங்கிலத்தில் "ஐ கேம்" என்றால் அம்மா திரும்பிப் பார்ப்பாள், ஆள் இருக்கமாட்டான். இன்னொன்று: "நேற்று அவரைப் பார்த்திருக்கிறேன்" என்பதை அப்படியே பெயர்த்து "ஐ ஹாவ் சீன் ஹிம் எஸ்டர்டே" என்கிறோம். 'ஹாவ்' என்பது அந்தக் காரியத்தை இன்றைய தினத்தோடு கட்டிப்போடும் கயிறு. 'நேற்று' என்றோ '1934-ல்' என்றோ தேதி சொல்லிவிட்டால் கயிற்றை அறுத்துவிட வேண்டும். அங்கே சாதாரண இறந்த காலம்தான் செல்லும்.

1968 முதல் நம் ராஜ்யத்துச் சர்க்கார் பள்ளிகளில் இரு பாஷைகளே கற்பிக்கப்படுகின்றன. அவற்றில் ஒன்று ஆங்கிலம். பின்னர் ஆங்கில வழி வகுப்புகளும் பெருகின. சரித்திர பாடத்தையே ஆங்கிலத்தில் படிக்கும் பிள்ளைக்கு இறந்த காலம் வெறும் இரண்டு மார்க்கு விஷயமாக இருக்க முடியாது. சரித்திரப் புத்தகத்தின் வாக்கியங்கள் பெரும்பாலும் அந்தக் காலத்தில்தானே நிற்கின்றன? வீட்டில் ஆங்கிலம் படித்தவர் எவருமில்லாத பிள்ளைக்கு அங்கே தடுக்கினால், தூக்கிவிட ஆளில்லை.

ஆகவே, "ராமன் மாம்பழம் தின்றான்" என்பதைவிட நல்ல பயிற்சி வேண்டும். அதற்கு மேச்சேரிக்காரர் வெகுதூரம் போகவேண்டியதில்லை. பக்கத்தில் மேட்டூர் அணை இருக்கிறது. 1925-ல் வேலை தொடங்கி 1934-ல் முடிந்தது. தேங்கிய காவிரி நீரில் பல கிராமங்கள் மூழ்கின. ஜனங்கள் வீடுவாசலைவிட்டு வெளியேறினார்கள். பண்ணவாடியில் நீர்மட்டம் வெகுவாக இறங்கும் ஆண்டுகளில் பழைய கோயிலின் நந்தியும் மாதா கோயிலின் கோபுரமும் வெளியே தலைகாட்டுகின்றன. மூழ்கிய ஊர்களின் கதையைத் தங்கள் பெற்றோர் சொல்லக் கேட்ட பாட்டிமார் இன்னும் சுற்றுவட்டாரத்தில் இருக்கலாம். பையன் அவர்களிடம் கதை கேட்டுவந்து ஆங்கிலத்தில் பத்து வாக்கியம் எழுதட்டும். கட்டினார்கள், மூழ்கிற்று, வெளியேறினார்கள், அழுதார்கள்: 'பில்ட்', 'ஸாங்க்', 'லெஃப்ட்', 'வெப்ட்'. பட்டியலில் வேண்டிய வினைகள் தாமே வந்து சேரும். அக்காலத்தில் ஆற்றங்கரையில் தினந்தோறும் நடந்ததைப் பாட்டி "போவார்கள், குளிப்பார்கள்" என்று எதிர்காலம்போலச் சொல்லுவாள். ஆங்கிலமும் அவ்விடத்தில் 'வுட் கோ' என்று அவளைப் போலவே பேசும்.

நந்தியிடம் வரும்போதுதான் பையன் சற்றே நின்று யோசிக்கவேண்டியிருக்கும். ஊர் அங்கே இருந்தது, அதற்கு 'ஸ்டுட்'. நந்தி இன்னும் நிற்கிறது, அதற்கு 'ஸ்டாண்ட்ஸ்'. ஆனால் பாட்டி தண்ணீரின் பக்கம் கையை நீட்டி, "எங்கள் ஊர் அதோ இருக்கிறது" என்று சொன்னால், அதற்கு 'வாஸ்' போடுவதா, 'இஸ்' போடுவதா என்பதை அவளையே கேட்டு எழுதட்டும்.