பொம்மை ரயிலுக்கு உப்புத்தாள் வேண்டாம்

பரணிலிருந்து பழைய பொம்மை ரயிலை இறக்கி, பேரனுக்காகப் புதுச் சாயம் பூசக் கிளம்பியிருக்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் உப்புத்தாளைத் தொடாதீர்கள். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்மைத் தாண்டக் கூடாது என்ற விதியே நம் நாட்டில் 2016இல்தான் வந்தது. உங்கள் தாத்தா காலத்து எஞ்சினைத் தேய்த்தால் பறக்கும் தூசியில் ஈயம் இருக்கலாம். பேரன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

தகரத்திலேயே படம் அச்சிட்ட ரயிலை உரிக்கவே வேண்டாம்; போனால் அந்த அழகு திரும்பாது. அலமாரியில் வையுங்கள்.

பிளாஸ்டிக் பெட்டிக்குத் தின்னரும் அசிட்டோனும் எமன். பாலிஸ்டைரீன் கரைந்து கூழாகிவிடும். (நெயில் பாலிஷ் ரிமூவர் பலவற்றிலும் அசிட்டோன்தான், மருமகள்களே!) ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை முதலில் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். பிறகு ஊறவைத்து, பழைய டூத் பிரஷால் ஈரமாகவே தேயுங்கள். கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்படிக்கு எட்டத்தில்.