சபை கிடைத்தது, அதிகாரம் எங்கே?

மக்கள் தங்கள் வாக்கினால் ஒரு சபையைக் கைப்பற்றிவிடலாம். கைப்பற்றிய சபையைக்கொண்டு தாம் விரும்பியதைச் சாதித்துவிட முடியுமா என்பது வேறு கேள்வி. உள்ளூராட்சியின் தாயகம் என்று புகழப்படும் இங்கிலாந்திலேயே இக்கேள்வி எழுந்து, மக்களுக்குப் பாதகமான விடையும் கூறப்பட்டுவிட்டது. எசெக்ஸ் கவுண்டியின் வடமேற்கு மூலையிலுள்ள உட்டில்ஸ்போட் மாவட்ட சபையின் தேர்தல் வரலாற்றை நம் வாசகர் முன் வைப்பதற்கு அதுவே காரணம்.

உட்டில்ஸ்போட் என்ற பெயரில் ஊரொன்றும் கிடையாது. சாக்சனியர் காலத்துப் பழைய நிர்வாகப் பிரிவொன்றின் பெயரை எடுத்து, 1972ஆம் ஆண்டின் உள்ளூராட்சிச் சட்டத்தால் பிறந்த புதிய சபைக்குச் சூட்டினார்கள். சப்ரன் வால்டன் நகரசபையும், சப்ரன் வால்டன், டன்மோ என்னும் இரு கிராமிய மாவட்ட சபைகளும் 1974 ஏப்ரில் 1ஆந் திகதி இதனுள் அடங்கின. பரப்பு 641 சதுர கிலோமீற்றர். 2021ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி மக்கள் ஏறக்குறைய 91,300 பேர். பாடசாலையும் பெருந்தெருவும் மேலேயுள்ள கவுண்டி சபைக்கு உரியவை. குப்பை அகற்றலும், வீடு கட்டவும் நிலத்தை மாற்றிப் பயன்படுத்தவும் அனுமதி வழங்குதலும் மாவட்ட சபையின் பொறுப்பு. இதற்கும் கீழே, நம் பழைய கிராமச் சங்கங்களை நினைவூட்டும் சிறு சபைகள் ஊருக்கொன்றாக இருக்கின்றன.

1894ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய கிராமிய மாவட்ட சபைகளில் கட்சி என்ற பேச்சுக்கு அதிக இடம் இருந்ததில்லை. நிலச்சுவாந்தரும், கமக்காரரும், ஓய்வுபெற்ற அதிகாரியும் சுயேச்சையாக நின்று, பல வேளைகளில் போட்டியின்றியே தெரிவாயினர். 1973 ஜூன் 7ஆந் திகதி நடந்த முதலாவது மாவட்ட சபைத் தேர்தல்களோடு கட்சிகளின் நிறம் கிராமப்புறத்திலும் அழுத்தமாகப் படிந்தது. வேட்பாளருடைய வீட்டுப் பெயரைப் பார்த்து வாக்களித்தவர் கட்சிப் பெயரைப் பார்த்து வாக்களிக்கப் பழகினர்.

பாராளுமன்றத்தைப் பொறுத்தவரை இம்மக்களின் மனம் அசைந்ததே இல்லை. 1922 முதல் சப்ரன் வால்டன் தொகுதி கொன்சர்வேட்டிவ் கட்சியின் கோட்டை. 1944ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தால் பெயர்பெற்ற ஆர். ஏ. பட்லர் 1929 முதல் 1965 வரை இத்தொகுதியின் அங்கத்தவர். 2024இல் தொகுதி வடமேற்கு எசெக்ஸ் என்று பெயர் மாறியபோதும், பின்னர் அதே ஆண்டில் கட்சித் தலைவியான கெமி பேடனொக் அங்கே வென்றார். ஆனால் அதே வாக்காளர் மாவட்ட சபையை 2003இல் லிபரல் டெமோக்கிராட் கட்சியிடம் ஒப்படைத்தனர்; 2007இல் அவர்களை நீக்கிக் கொன்சர்வேட்டிவ்களை அமர்த்தினர்; 2019இல் இரு கட்சிகளையும் ஒதுக்கிவிட்டனர். வெஸ்ட்மின்ஸ்டருக்குக் கட்சி, உள்ளூருக்குத் தம் வீட்டு வாசற்படி என்று கணக்கை வேறாக வைத்திருக்கும் வாக்காளரை அரசியல் அறியாதவர் என்று எவரும் சொல்ல முடியாது.

அந்த வாசற்படிக்கு மேலேதான் விமானம் பறக்கிறது. இரண்டாவது உலக யுத்த காலத்தில் அமெரிக்கப் படையினர் அமைத்த ஸ்ரான்ஸ்ரெட் விமானத்தளத்தை இலண்டனின் மூன்றாவது விமான நிலையமாக்கும் யோசனையை, பகிரங்க விசாரணை நடத்திய பரிசோதகர் ஏற்கவில்லை. அரசாங்கமோ 1967இல் வெள்ளை அறிக்கை வெளியிட்டு அதையே தேர்ந்தது. கிளர்ச்சி எழுந்தது, ரொஸ்கில் ஆணைக்குழு நியமனமாயிற்று, யோசனை வேறிடங்களுக்கு ஓடி, கடற்கரையிலே மேப்ளின் வரை போய், பணமில்லை என்று 1974இல் கைவிடப்பட்டது. சுற்றித் திரிந்த யோசனை புறப்பட்ட இடத்துக்கே வந்துசேர்ந்தது. 1981 முதல் 1983 வரை மறுபடியும் விசாரணை, 1985இல் அனுமதி, 1991இல் புதிய முனையக் கட்டடம். இவற்றுள் எதனையும் உள்ளூர் வாக்காளர் தீர்மானிக்கவில்லை.

2006 நவம்பரில், ஆண்டுக்கு 25 மில்லியன் பிரயாணிகள் என்ற எல்லையை 35 மில்லியனாக உயர்த்தும் விண்ணப்பத்தை லிபரல் டெமோக்கிராட் சபை நிராகரித்தது. அந்தத் துணிவு ஆறு மாதங்களின் பின் நடந்த தேர்தலில் அக்கட்சியைக் காப்பாற்றவில்லை. நிராகரிப்பும் நிலைக்கவில்லை, 2008 ஒக்டோபரில் தொழிற் கட்சி மந்திரிகள் மேன்முறையீட்டை அனுமதித்தனர். இரண்டாவது ஓடுபாதைத் திட்டம் 2010இல் கைவிடப்பட்டது என்றால், வெஸ்ட்மின்ஸ்டரில் ஆட்சி மாறியதே அதற்குக் காரணம்.

விமானத்தோடு வீடும் சேர்ந்துகொண்டது. எங்கே எத்தனை வீடுகள் எழலாம் என்று வரையறுக்கும் உள்ளூர்த் திட்டமொன்றை மாவட்ட சபை வகுத்து, அரசாங்கப் பரிசோதகரின் ஒப்புதலைப் பெறவேண்டும். உட்டில்ஸ்போட்டின் திட்டம் 2005இல் நிறைவேறியது. அதற்குப் பதிலாகக் கொன்சர்வேட்டிவ் சபை ஆக்கிய திட்டத்தைப் பரிசோதகர் 2014 டிசம்பரில் ஏற்க மறுத்தார். திட்டம் பழுதானால் காணி அபிவிருத்திக் கம்பனிகளுக்குக் கதவு திறந்தது போலத்தான். வேலியில்லாத தோட்டத்தில் மாட்டைக் குறைகூறிப் பயனில்லை. அந்த ஆண்டிலேதான் ‘உட்டில்ஸ்போட் வாசிகள்’ என்ற உள்ளூர்க் கட்சி அரும்பியது. 2015 மே மாதம் சபையின் ஆசனங்கள் 44இலிருந்து 39ஆகக் குறைக்கப்பட்டு, பொதுத் தேர்தல் தினத்திலேயே சபைத் தேர்தலும் நடந்தது. தேசிய அலையில் கொன்சர்வேட்டிவ்கள் தப்பினர்.

2018 நவம்பரில் விமான நிலையம் 43 மில்லியன் கேட்டது. திட்டமிடற் குழு சரிபாதியாகப் பிரிந்து, தலைவரின் அறுதியிடும் வாக்கினால் அனுமதிக்கத் தீர்மானித்தது. ஆறு மாதங்கள் கழியுமுன், 2019 மே 2ஆந் திகதி மக்கள் பேசினர். வாசிகள் கட்சிக்கு 26 ஆசனங்கள், லிபரல் டெமோக்கிராட்களுக்கு 7, கொன்சர்வேட்டிவ்களுக்கு 4, பசுமைக் கட்சிக்கு 2. பன்னிரண்டு ஆண்டுகள் ஆண்ட கட்சி நான்கு கதிரைகளில் ஒடுங்கியது. பிரெக்சிற் குழப்பத்தால் நாடெங்கும் அக்கட்சி அடிபட்ட நாள் அது என்பது மெய். ஆயினும் இத்தகைய சரிவுக்கு உள்ளூர்க் கோபமே முதற் காரணம் என்று நாம் கருதுகிறோம்.

புதிய சபைக்கு ஒரு சட்ட வாய்ப்பு எஞ்சியிருந்தது. தீர்மானம் நிறைவேறியிருந்தாலும் அனுமதிப் பத்திரம் வழங்கப்படவில்லை. நிபந்தனை உடன்படிக்கை முடியும்வரை அது முற்றான அனுமதியாகாது. ஆகவே விடயத்தை மீண்டும் குழுவின் முன் வைத்தார்கள். 2020 ஜனவரியில், உத்தியோகத்தரின் ஆலோசனைக்கு மாறாக, சத்தம், காற்று மாசு, கரியமில வாயு, வீதி முதலிய வசதிக் குறைவு என்னும் காரணங்களைக் காட்டி விண்ணப்பத்தை நிராகரித்தார்கள். தேர்தல் மேடையில் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினார்கள் என்று ஊர் மகிழ்ந்தது.

மேன்முறையீட்டிலே கதை மாறியது. ஆண்டுக்கு 274,000 பறப்புகள் என்ற எல்லையை நிலையம் கூட்டக் கேட்கவில்லை. அதே பறப்புகளில் கூடுதலான பிரயாணிகளை ஏற்றவே கேட்டது. விசாரணையின்போது சபையே தக்க நிபந்தனைகளோடு அனுமதி வழங்கலாம் என்ற நிலைக்கு இறங்கியது. 2021 மே மாதம் மூன்று பரிசோதகர்கள் அனுமதியளித்ததுடன், சபை நியாயமற்ற முறையில் நடந்துகொண்டது என்று கண்டு, நிலையத்தின் செலவையும் அதன் தலையில் சுமத்தினர். குப்பை அள்ளவும் வீடு வழங்கவும் மக்கள் கட்டிய வரிப்பணத்திலிருந்தே அச்செலவு போகவேண்டியிருந்தது. நிலையத்தை 2013இல் வாங்கிய கம்பனியின் பெரும்பங்கு மஞ்செஸ்டர்ப் பகுதியின் பத்து உள்ளூராட்சிச் சபைகளுக்குச் சொந்தமானது என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டும். ஓரிடத்துச் சபைகளின் இலாபத்துக்கு இன்னோரிடத்துச் சபை தண்டம் கட்டியது.

இதில் சபை குற்றமற்றது என்று வாதாட நாம் வரவில்லை. திட்டமிடற் குழு அரை நீதிமன்றம் போன்றது. அங்கே மக்கள் ஆணை என்பது சாட்சியமாகாது. மறுப்பதற்கான காரணத்தை நிபுணர் வாயிலாக நிரூபித்தாக வேண்டும். அந்தத் தயாரிப்பின்றி வழக்குக்குப் போனவர்கள் தம்மை நம்பிய மக்களையே நட்டப்படுத்தினார்கள். ஆனால் இத்தனையும் சொன்ன பின்பும் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. விமான நிலையத்தின் அளவை மந்திரிகளும் பரிசோதகர்களுமே முடிவுசெய்வதாயின், அந்த முடிவை முதலில் சபையிடம் கேட்கும் நாடகம் எதற்கு? ‘ஆம்’ என்றால் வாக்காளர் தண்டிப்பர். ‘இல்லை’ என்றால் சட்டம் தண்டிக்கும். பொறுப்பைக் கீழே தள்ளி அதிகாரத்தை மேலே வைத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், அடிவாங்குவதற்கென்றே சபை நிறுத்தப்பட்டிருக்கிறது.

அடி அதோடும் நிற்கவில்லை. முந்திய சபை மூன்று புதிய குடியிருப்பு நகரங்களை நம்பி எழுதியிருந்த இரண்டாவது திட்டத்தையும் பரிசோதகர்கள் குறைகூற, 2020இல் அதனை மீளப்பெற நேர்ந்தது. பெரிய விண்ணப்பங்கள் பற்றிய முடிவுகளில் மேன்முறையீட்டில் கவிழ்ந்தவை வரம்பு மீறிவிட்டன என்று, 2022 பெப்ரவரியில் மந்திரி மைக்கல் கோவ் சபையைக் குறித்து உத்தரவிட்டார். அதன்பின் விண்ணப்பகாரர் சபையை விலக்கி, நேரே மத்திய பரிசோதகரிடம் போகலாம் என்றாயிற்று. இதற்கு வழிசெய்த 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது கொன்சர்வேட்டிவ், லிபரல் டெமோக்கிராட் கூட்டரசாங்கம். வாக்குப் பெட்டியிலே தோற்ற இரு கட்சிகளும் சட்டப் புத்தகத்திலே முன்னரே வென்றிருந்தன!

மக்கள் இதனால் மனந்தளர்ந்து பழைய கட்சிகளிடம் திரும்பினார்களா? 2023 மே மாதத் தேர்தலில் வாசிகள் கட்சியின் பலம் குறைந்ததே தவிர, பெரும்பான்மை அவர்கள் கையை விட்டுப் போகவில்லை. தண்டம் கட்டியவர்களே தண்டம் வாங்கித் தந்தவர்களை மீண்டும் தெரிந்தார்கள். அறியாமை என்று இலண்டனில் உள்ளவர்கள் சொல்லக்கூடும். தமக்காகத் தோற்றவர் யார், தம்மைக் கேளாமலே விட்டுக்கொடுத்தவர் யார் என்று பிரித்தறிந்த வாக்கு அது என்று நாம் சொல்வோம்.

அச்சபையின் ஆயுளுக்கே இப்போது நாட் குறிக்கப்படுகிறது. 2024 டிசம்பரில் தொழிற் கட்சி அரசாங்கம் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, கவுண்டி சபையும் மாவட்ட சபையும் என்ற இரட்டை அமைப்பு ஒழிந்து, பெரிய தனிச் சபைகள் அமையவேண்டும் என்கிறது. எசெக்ஸ் முதல் வரிசையில் வைக்கப்பட்டது. 2025 மே மாதம் நடக்கவேண்டியிருந்த அதன் கவுண்டி சபைத் தேர்தல் அதற்காகவே ஓராண்டு ஒத்திவைக்கப்பட்டது. சப்ரன் வால்டனையும் டன்மோவையும் ஒன்றாகப் பிணைத்தபோது 1974இல் அவ்வூர் மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. இம்முறையாவது ஒரு வாக்குச் சீட்டை அவர்கள் கையில் கொடுத்துக் கேட்பதற்கு அந்த வெள்ளை அறிக்கையில் இடம் வைக்கப்படவில்லை.