ஏமாந்தவளா? ஏமாற்றினவனா?

சிறுகதைகளில் வரும் பெண்களையும் ஏமாற்றுக்காரர்களையும் பற்றிக் கட்டுரை எழுத எந்தத் தலைப்பை எடுத்துக்கொள்வது என்று மாணவத் தோழர்கள் சிலர் கேட்கின்றார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஏனெனில், தலைப்பு எப்படியோ தீர்ப்பும் அப்படியே. "பெண் ஏன் ஏமாந்தாள்?" என்று தலைப்புப் போட்டவுடனேயே அவளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியாய்விட்டது.

அகலிகை கதையைப் பாருங்கள். இந்திரன் முனிவர் வேஷத்தில் வந்தான். கம்பர் சொல்லுகிறபடி பெண் கல்லானாள். இந்திரனுக்கோ உடம்பெல்லாம் உண்டான குறிகள் கண்களாக மாறின. தேவராஜன் பட்டமும் போகவில்லை. வால்மீகியில் அவள் தெரிந்தே இணங்கினாள் என்றிருக்கிறதே எனப் பண்டிதர்கள் சொல்லலாம். அப்படியே இருக்கட்டும். இருவரும் கூட்டு என்றால், ஒருத்திக்குத் தண்டனையும் ஒருவனுக்குச் சிம்மாசனமும் என்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்கின்றோம்.

புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'சாபவிமோசனம்' என்னும் கதையில், சாபம் நீங்கிய அகலிகை, சீதையைத் தீக்குளிக்கச் சொன்ன செய்தி கேட்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். தன்னை மன்னித்த நீதி சீதைக்கு ஏன் இல்லை என்பதே அதன் பொருள்.

படிப்பில்லாததால்தான் பெண்கள் ஏமாறுகிறார்கள் என்பாரும் உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ப்ளானரி ஓகானர் 1955-ல் வெளியிட்ட ஒரு கதையில், பைபிள் விற்க ஒருவன் வருகிறான். நல்ல நாட்டுப்புறத்தான் என்று தாயார் சோறு போடுகிறாள். தத்துவத்தில் பெரிய பட்டம் வாங்கிய மகளோ, தெய்வ நம்பிக்கை இல்லாதவளாயிருந்தும், அவனை ஒன்றுந் தெரியாத அப்பாவியென்று நம்புகிறாள். அவன் புத்தகத்தைத் திறந்தால் உள்ளே குடைந்து வைத்திருப்பது சாராயமும் சீட்டுக்கட்டும்! கடைசியில் அவளுடைய மரக்காலையே எடுத்துக்கொண்டு ஓடிவிடுகிறான்.

ஆகவே, ஒன்று கவனிக்க வேண்டும். எந்த ஏமாற்றுக்காரனும் திருடன் வேஷத்தில் வருவதில்லை. ஜனங்கள் எதைக் கேள்வி கேட்காமல் கும்பிடுகிறார்களோ, எவரை ஆராயாமல் நல்லவரென்று எண்ணுகிறார்களோ, அந்த வேஷத்திலேயே வருகிறான். அந்த வேஷத்திற்கு மதிப்பு ஏற்றி வைத்தது ஊரார். பழி சுமப்பது மட்டும் பெண்.

எனவே, "ஏமாற்றுக்காரன் போட்ட வேஷம் எது? அதற்கு மதிப்புக் கொடுத்தது யார்?" என்பதையே தலைப்பாகக் கொள்ளும்படி சிபார்சு செய்கின்றோம். கதையில் இப்படிக் கேட்கப் பழகினவர்கள், நாளைக்குத் தங்கள் தெருவில் ஒரு பெண் மோசம்போய் நிற்கும்போதும், அவளை விட்டுவிட்டு மோசம் செய்தவனைத் தேடுவார்கள் அல்லவா?