சாவி தொலையவே இல்லை சாமி!

அனுப்பம்பட்டு ஸ்டேஷனில் இறங்கும் பி.காம். பையன் ஒருவன். அப்பா பழவேற்காடு ஏரி இறாலை எடுத்து மீஞ்சூர் பக்கம் விற்பவர். இறால் நன்றாக விழுந்த ஒரு வருஷம் பையனுக்கு லேப்டாப் வாங்கிக் கொடுத்தார். மூன்று வருஷத்தில் அது கட்டை வண்டி வேகத்துக்கு வந்துவிட்டது. "ரீசெட் அடிடா, புதுசு மாதிரி ஆயிடும்" என்றான் கூடப் படிக்கிற ஒருவன். அடித்தான். புதுசு மாதிரிதான் ஆனது. ஆனால் திரையின் வலது மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்து உட்கார்ந்துகொண்டது: ஆக்டிவேட் விண்டோஸ்.

பையனுக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. லேப்டாப்பைக் கவிழ்த்துப் பார்த்தான், கீ எழுதிய ஸ்டிக்கர் இல்லை. பரணில் கிடந்த அட்டைப்பெட்டியைக் குடைந்தான், இல்லை. பில்லிலும் இல்லை. "கீ தொலைஞ்சு போச்சு" என்று முடிவு கட்டி பொன்னேரியில் ஒரு கடைக்குத் தூக்கிக்கொண்டு போனான். ஒரிஜினல் வேண்டுமென்றால் பல ஆயிரம், "நம்ம கீ" போட்டால் 1500 ரூபாய் என்றார் கடைக்காரர். பையன் எதைத் தேர்ந்தெடுத்தான் என்று சொல்லவும் வேண்டுமா?

தொலையாத பொருளைத் தேடிக் கொடுத்ததற்கு 1500 ரூபாய் கூலி. மேட்டர் இதுதான்.

மைக்ரோசாஃப்ட் இந்த ஆக்டிவேஷன் சமாச்சாரத்தை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குப் பரவலாகக் கொண்டுவந்தது 2001-ல், விண்டோஸ் எக்ஸ்பியோடு. ஐந்தைந்தாக 25 எழுத்து. அந்தக் காலத்தில் கீ என்பது நிஜமாகவே தொலையக்கூடிய பொருள்தான். சிடி உறையில் இருக்கும், இல்லாவிட்டால் கேபினட்டில் ஒட்டியிருக்கும். (எக்ஸ்பி வெளிவருவதற்கு முன்பே கசிந்து, எஃப்.சி.கே.ஜி.டபிள்யூ என்று தொடங்கி உலகம் முழுக்கச் சுற்றிய அந்த ஒரு கீயை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்த அண்ணன்மார்கள் இன்னும் இருக்கிறார்கள். பின்னாளில் மைக்ரோசாஃப்ட் அதைத் தடை செய்தது தனிக் கதை.) விண்டோஸ் 7 வரைக்கும் லேப்டாப்பின் அடியில் ஸ்டிக்கர் உண்டு. மடியில் வைத்து வைத்து அது தேய்ந்தே போய்விடும். அதிலும் ஒரு கூத்து. பெரிய கம்பெனி லேப்டாப்பில் மென்பொருள் போட்டு கீயைத் தோண்டி எடுத்தால் வருவது பெரும்பாலும் அந்தக் கம்பெனி எல்லா லேப்டாப்புக்கும் பொதுவாகப் போட்ட கீ. ஸ்டிக்கரில் இருப்பது வேறு.

2012-ல் விண்டோஸ் 8 வந்தபோது நிலைமை தலைகீழாக மாறியது. பெரிய கம்பெனிகள் விண்டோஸோடு விற்கும் லேப்டாப்புகளில் கீயை மதர்போர்டிலேயே, பயாஸ் இருக்கிற சிப்புக்குள்ளேயே எழுதி விட்டார்கள். ஸ்டிக்கர் காணாமல் போனதன் காரணம் இதுதான். ஹார்ட் டிஸ்க்கை முழுசாக அழித்தாலும், தூக்கிப் போட்டுவிட்டுப் புது டிஸ்க் மாட்டினாலும் கீ அப்படியே இருக்கும். விண்டோஸை மறுபடி போடும்போது அதுவே போர்டைப் படித்து எடுத்துக்கொள்ளும், யாரும் தட்டச்ச வேண்டியதில்லை. 2015-ல் விண்டோஸ் 10 வந்தபோது இன்னொரு படி மேலே போனார்கள். ஒருமுறை ஆக்டிவேட் ஆன மெஷினின் அடையாளம் மைக்ரோசாஃப்ட் சர்வரில் பதிவாகிவிடும். டிஜிட்டல் லைசென்ஸ் என்று பெயர். 2016 முதல் அதை மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டோடும் இணைத்து வைக்கலாம்.

பழவேற்காட்டு மீனவர்களிடம் பாடு என்று ஒரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில் யார் எப்போது சுத்துவலை போடலாம் என்று சீட்டு எடுத்து, முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். அந்த உரிமை ஊர்க் கணக்கில் ஆளின் பேரில் இருக்கிறது. வலை கிழிந்து புது வலை வாங்கியவனிடம் போய் "உன் பாடு போச்சு, 1500 கொடு, வேற பாடு வாங்கித் தர்றேன்" என்று ஒருத்தன் சொன்னால் ஏரிக்கரையில் என்ன நடக்கும்? லேப்டாப் விஷயத்தில் மட்டும் படித்த பிள்ளைகள் பர்ஸை எடுக்கிறார்கள்.

அப்படியானால் அந்தச் சாம்பல் எழுத்து ஏன் வந்தது? ரீசெட் ஆனபின் மெஷின் ஒருமுறை இணையத்துக்குப் போய் மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் "நான்தான்" என்று சொல்ல வேண்டும். பையன் வீட்டில் வைஃபை கிடையாது. போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் அந்த வரி தானாக மறைந்திருக்கும். செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று மூன்று தட்டுத் தட்டினால் டிஜிட்டல் லைசென்ஸால் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று அதுவே சொல்லியிருக்கும். செலவு, கொஞ்சம் டேட்டா.

இனி கடையில் நடந்தது. கடைக்காரர் சி டிரைவை அழித்துவிட்டு விண்டோஸ் ப்ரோ எடிஷனைப் போட்டார். பையனின் போர்டில் இருந்ததோ ஹோம் சிங்கிள் லாங்குவேஜ் எடிஷனின் கீ. (இந்தியாவில் விற்கும் வீட்டு லேப்டாப்பில் பெரும்பாலும் இதுதான் வரும்.) ஹோம் சாவியால் ப்ரோ பூட்டு திறக்காது. "பாத்தியா தம்பி, உன் கீ வேலை செய்யலை" என்று காட்டிவிட்டு கே.எம்.எஸ். கிராக் ஒன்றை ஓட்டினார். கே.எம்.எஸ். என்பது பெரிய நிறுவனங்கள் தங்கள் நூற்றுக்கணக்கான கம்ப்யூட்டர்களைச் சொந்த சர்வர் வழியாக ஆக்டிவேட் செய்யும் முறை. 180 நாள் செல்லும், அதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும். கிராக் செய்வது என்னவென்றால், லேப்டாப்புக்கு உள்ளேயே ஒரு போலி சர்வரை உட்கார வைப்பது. அதை ஓட்ட முதலில் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லும். வீட்டு நாயைக் கட்டிப் போட்டுவிட்டுக் கதவைத் திற என்று சொல்பவன் யாராக இருப்பான்?

பூச்சாண்டி காட்டுவதாக நினைக்க வேண்டாம். கே.எம்.எஸ்.பிகோ என்ற பேரில் சுற்றிய போலி இன்ஸ்டாலர்களில் கிரிப்ட்பாட் என்ற திருட்டு மென்பொருள் ஒளிந்திருந்ததை 2021-ல் ரெட் கேனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்டது. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளையும் கிரிப்டோ வாலட்டுகளையும் அள்ளிக்கொண்டு போவது அதன் தொழில். இறால் வியாபாரியின் வீட்டில் கிரிப்டோ இல்லாமல் இருக்கலாம். நெட் பேங்கிங் இருக்கிறது. அப்பாவின் கணக்கை மகன்தான் அந்த லேப்டாப்பில் பார்க்கிறான்.

சட்டம் பக்கமும் ஒரு எட்டுப் போய்ப் பாருங்கள். 1957-ம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 63-பி என்று ஒரு பிரிவு. திருட்டு மென்பொருள் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 வருஷம் சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். லாபத்துக்காக இல்லாவிட்டால் கோர்ட் சிறையை விட்டுவிட்டு 50,000-க்குள் அபராதம் மட்டும் போடலாம். எந்தப் போலீஸும் அனுப்பம்பட்டுக்கு விண்டோஸ் சோதனைக்கு வரப்போவதில்லை, சரி. ஆனால் வேடிக்கையைக் கவனியுங்கள். லைசென்ஸுக்கான காசு லேப்டாப் விலையிலேயே சேர்ந்திருந்தது, அதற்கு ஜி.எஸ்.டி.யும் கட்டியாகிவிட்டது. காலையில் சட்டப்படி உரிமை உள்ளவனாக வீட்டை விட்டுக் கிளம்பியவன் மாலையில் 1500 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து திருட்டு விண்டோஸ்காரனாகத் திரும்பினான். அந்த 1500-க்கு பில்லும் கிடையாது. ஜர்னல் என்ட்ரியில் நரேஷன் இல்லாவிட்டால் மார்க் குறைத்துவிடுவார்கள் என்று நடுங்குகிற காமர்ஸ் கூட்டம், கடையில் பில் கேட்க மட்டும் வாய் திறக்காது!

உடனே ஒரு கோஷ்டி கிளம்பும். "மைக்ரோசாஃப்ட்காரன்கிட்ட இல்லாத காசா? ஏழைப் பசங்க கிராக் போட்டா என்ன குடி முழுகிடும்?" புரட்சி பேசுவது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் புரட்சியில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு பைசா நஷ்டம் இல்லை, லேப்டாப் விற்றபோதே அதன் பங்கு போய்ச் சேர்ந்துவிட்டது. காசு இழந்தது இறால்காரர். பணக்காரனிடம் பிடுங்கி ஏழைக்குக் கொடுப்பதாக நினைத்துக்கொண்டு ஏழையிடமே இரண்டாம் தரம் பிடுங்குவதற்குப் பெயர் புரட்சியா?

கடைக்காரரை மட்டும் திட்டிவிட்டு நகர்ந்துவிடவும் முடியாது. அவர் பெயின்ட் அடிக்கக் கிடைத்த சுவரில் அடிக்கிறார். அந்தச் சுவரைக் கட்டிக் கொடுத்தது மைக்ரோசாஃப்ட். "ஆக்டிவேட் விண்டோஸ்" என்று மிரட்டத் தெரிந்த கம்பெனிக்கு, "உங்கள் லைசென்ஸ் இந்த மெஷினிலேயே இருக்கிறது, இணையத்தில் இணையுங்கள்" என்று அதே மூலையில் எழுதத் தெரியாதா? இன்ஸ்டால் செய்யும்போது கீ கேட்கும் திரையில் "என்னிடம் ப்ராடக்ட் கீ இல்லை" என்று சின்ன எழுத்தில் ஒரு வரி ஓரமாக இருக்கும். லைசென்ஸ் உள்ளவன் மறுபடி போடும்போது அழுத்த வேண்டியது அதைத்தான். திருடனுக்கான கதவு மாதிரி இருப்பதால் நல்ல பிள்ளைகள் யாரும் அதைத் தொடுவதில்லை.

அடுத்து அரசாங்கம். இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15-ல் தொடங்கியது இதே திருவள்ளூர் மாவட்டத்தின் காக்களூரில். எல்காட் மூலம் லட்சக்கணக்கில் கொடுத்தார்கள். பிறகு இடையில் நின்று, 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கொடுப்பதாக 2025 பட்ஜெட்டில் மறுபடி அறிவித்தார்கள். நல்ல திட்டம், சந்தேகமில்லை. ஆனால் பையில் தலைவர் படம் அச்சடிக்க இடம் இருந்தவர்களுக்கு, "ஃபார்மேட் செய்தாலும் கீ போகாது, எந்த எடிஷன் இருந்ததோ அதையே போடுங்கள், யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்" என்று தமிழில் ஒரு சீட்டு வைக்கத் தோன்றியிருக்க வேண்டாமா? அந்த லேப்டாப்புகள் பலவற்றில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சி-டாக் 2007-ல் வெளியிட்ட இந்திய லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது, தமிழ் தெரியும், கீயே கிடையாது. எல்காட்டின் தலைமையில் உமாசங்கர் ஐ.ஏ.எஸ். இருந்தபோது அலுவலகத்தையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டிய நிறுவனம் அது. லேப்டாப் கடைக்கு வந்ததும் முதலில் அழிக்கப்படுவது அந்த பாஸ் பார்ட்டிஷன்தான். "இடத்தை அடைச்சிக்கிட்டு இருக்கு தம்பி." தம்பியும் தலையாட்டுவான். அதைத் திறந்து காட்டிய வாத்தியார் எத்தனை பேர்?

கீ நிஜமாகவே தொலைகிற இடம் ஒன்று உண்டு. மதர்போர்டு. ஏரிக்கரை உப்புக் காற்றில் சார்ஜிங் பின் பச்சை பூக்கும், கொஞ்ச நாளில் போர்டே போகும். வாரன்டியில் கம்பெனி சர்வீஸ் சென்டர் மாற்றினால் லைசென்ஸையும் சேர்த்துச் சரிசெய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும். ரிச்சி தெருவில் பழைய போர்டு வாங்கிப் போட்டாலோ, அந்தப் போர்டில் இருப்பது வேறு யாரோ ஒருவருடைய லேப்டாப்பின் கீ. எடிஷனும் வேறாக இருக்கலாம். முதலிலேயே மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் லைசென்ஸை இணைத்து வைத்திருந்தால் ஆக்டிவேஷன் ட்ரபிள்ஷூட்டரில் "சமீபத்தில் ஹார்ட்வேர் மாற்றினேன்" என்று சொல்லி முயற்சி செய்யலாம். கம்பெனியோடு வந்த லைசென்ஸ் போர்டோடு கட்டுண்டது என்பதால் கிடைத்தால் அதிர்ஷ்டம். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் கீயை மட்டும் வாங்கிவிட வேண்டாம். பல நேரம் அவை ஏதோ நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்தக் கீயின் சில்லறை விற்பனை, என்றைக்கு வேண்டுமானாலும் முடக்கப்படும்.

அனுப்பம்பட்டுப் பையனின் லேப்டாப்பை அப்புறம் ஒருவன் உட்கார்ந்து சரிசெய்தான். கிராக் இருந்த டிஸ்க்கைத் துடைத்து, ஹோம் சிங்கிள் லாங்குவேஜையே திரும்பப் போட்டு, போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்தான். கீ கேட்கவே இல்லை. அப்பாவின் பேங்க் பாஸ்வேர்டை வேறொரு மெஷினில் உட்கார்ந்து மாற்றினார்கள். ஆனால் ப்ராஜெக்டுக்காக மூன்று மாதம் உட்கார்ந்து, அப்பாவின் இறால் கணக்கையே எடுத்து டேலியில் போட்டிருந்த டேட்டா சி டிரைவில் இருந்தது. ரீசெட் அடித்தபோது தப்பித்த அது, கடையில் டிரைவை அழித்தபோது போய்விட்டது. பேக்கப் இருக்கிறதா என்று கடையில் யாரும் கேட்கவில்லை. அவனும் கீயைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தான்.