அலமாரியில் பூட்டிவைத்த வாக்கி டாக்கி ஆபத்துக்கு உதவுமா?

ஐப்பசி, கார்த்திகை வந்தால் சென்னை வீடுகளில் ஒரு பேச்சு கிளம்பும். ``2015 டிசம்பர் மாதிரி செல்போன் டவரெல்லாம் படுத்துட்டா என்ன பண்றது? வீட்டுக்கு ரெண்டு வாக்கி டாக்கி வாங்கி வெச்சுக்கிட்டா என்ன?" அந்த வெள்ளத்தில் இரண்டு தெரு தள்ளியிருந்த அம்மாவிடம்கூடப் பேச முடியாமல் தவித்தவர்களுக்கு இந்த யோசனை வருவதில் ஆச்சர்யமில்லை. சில ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைனில் செட் கிடைக்கிறது. வாங்கி, மெழுகுவத்தி, டார்ச் லைட்டோடு அலமாரியில் வைத்துவிட்டால் நிம்மதி!

அந்த நிம்மதியில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, சட்டம். நம் நாட்டில் லைசென்ஸ் இல்லாமல் பயன்படுத்தக்கூடிய வாக்கி டாக்கிகள் உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிறிய இடைவெளியில் மட்டும், மிகக் குறைந்த சக்தியில் இயங்குபவை அவை. கல்யாண மண்டபத்துக்கும் அபார்ட்மென்ட் செக்யூரிட்டிக்கும் போதும். கட்டடங்கள் நெருங்கிய ஊரில் வேளச்சேரியிலிருந்து தாம்பரத்துக்கு எட்டாது. தொலைதூரம் பேசலாம் என்று விற்கப்படும் பல செட்டுகளுக்கு லைசென்ஸ் வேண்டும். அதைச் சொல்லாமலே விற்கிறார்கள் என்றுதான், 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

இரண்டாவது ஓட்டை பெரியது. பட்டனை அமுக்கிப் பேசினால், மறுமுனையில் கேட்க யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்குப் பதில் வைத்திருப்பவர்கள் ஹாம்கள். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் வாங்கி, வீட்டிலிருந்தே வானொலி அலையில் உலகத்தோடு பேசுகிறவர்களுக்கு அந்தப் பெயர். இந்தியாவில் முதல் லைசென்ஸ் 1921-ல் தரப்பட்டது. அடுத்த மூன்றாவது ஆண்டே, 1924-ல், மெட்ராஸில் கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கி ஒலிபரப்பும் செய்துவிட்டார். ஆல் இந்தியா ரேடியோ என்ற பெயர் பிறக்காத காலம் அது. ராஜீவ் காந்தியும் ஹாம்தான். அவருடைய கால் சைன் வி.யு.2 ஆர்.ஜி.

போர்ட் பிளேர், 2004

ஹாம்கள் ஆபத்தில் எப்படி உதவுகிறார்கள் என்பதற்கு, அந்தமானில் நடந்ததைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஹாம்களுக்கு ஒரு பித்து உண்டு. எத்தனை நாடுகளோடு, எத்தனை தீவுகளோடு பேசினோம் என்று கணக்கு வைப்பார்கள். அந்தப் பட்டியலில் அந்தமான் நிகோபார் தனி இடம். 1987-க்குப் பிறகு அங்கிருந்து எந்த ஹாமும் பேசியதில்லை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் பலர் அந்த ஒரு தொடர்புக்காகக் காத்துக்கிடந்தார்கள். 2004 டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆஃப் அமெச்சூர் ரேடியோவின் குழுவுக்கு அங்கிருந்து பேச அனுமதி கிடைத்தது. குழுவை நடத்திச் சென்றவர் பாரதி பிரசாத். 1987-லும் அங்கே சென்று பேசியவர் அவர்தான். அந்த டிசம்பரில் வி.யு.4 ஆர்.பி.ஐ என்ற அவருடைய கால் சைனைப் பிடிக்க உலகமெங்கும் போட்டா போட்டி.

டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணியளவில் நிலம் குலுங்கியது. பிறகு கடல் வந்தது. தீவுகளுக்கும் இந்தியாவுக்கும் இடையிலான தொடர்புகள் விழுந்தன. பாரதியின் குழு விளையாட்டை அங்கேயே நிறுத்தியது. எந்த ஆன்டெனாவில் அமெரிக்காவுக்கு `ஹலோ' சொன்னார்களோ, அதே ஆன்டெனாவில் செய்திகள் போகத் தொடங்கின. குழுவினர் சிலர் செட்டோடு கார் நிகோபாருக்குப் போய், அங்கிருந்து போர்ட் பிளேருக்கு இணைப்புக் கொடுத்தார்கள். யார் பிழைத்தார்கள், யாரைக் காணவில்லை, என்ன தேவை என்ற விவரங்கள் அந்த வழியாக வெளியே வந்தன. அவற்றை நிலப்பரப்பில் இருந்த ஹாம்கள் வாங்கி உறவினர்களுக்குச் சொன்னார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, யாரும் அவர்களை மீட்புக்காக அனுப்பவில்லை. பொழுதுபோக்குக்குப் போனவர்கள். ஆனால், அலைவரிசை எந்த நேரத்தில் எவ்வளவு தூரம் போகும், யார் எங்கே கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்பதெல்லாம் மூன்று வாரங்களாக ராப்பகலாகப் பேசிப் பேசி அவர்களுக்கு மனப்பாடம். ஆன்டெனா ஏற்கெனவே உயரத்தில் நின்றது. அதே கருவிகள் ஏதாவது ஒரு அலுவலகக் கிடங்கில் பெட்டி பிரிக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பரீட்சை கஷ்டமா?

ஹாம் லைசென்ஸில் அரசு சோதிப்பது செட்டை அல்ல, ஆளை. அதனால்தான் பரீட்சை. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி பிரிவு நடத்துகிறது. 12 வயது நிறைந்திருந்தால் போதும், டிகிரி எதுவும் தேவையில்லை. எட்டாம் வகுப்புப் பெண்ணும் அவள் தாத்தாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதலாம்.

இரண்டு நிலைகள் உண்டு. ரெஸ்ட்ரிக்டட் கிரேடு, ஜெனரல் கிரேடு. இரண்டிலும் கேள்விகள் இரண்டு வகை: மின்சாரமும் வானொலியும் வேலை செய்யும் விதம் ஒன்று, விதிமுறைகள் இன்னொன்று. பத்தாம் வகுப்பு இயற்பியல் புத்தகத்தைத் தூசு தட்டினால் பாதிக் கிணறு தாண்டிவிடலாம். விதிமுறைகளைத்தான் பலர் அலட்சியமாக விடுகிறார்கள். அது மதிப்பெண்ணுக்கு மட்டுமான விஷயம் இல்லை.

ஜெனரல் கிரேடுக்குக் கூடுதலாக மோர்ஸ் தெரிய வேண்டும். நிமிடத்துக்கு 8 வார்த்தைகள், அதாவது 40 எழுத்துகள், அனுப்பவும் வேண்டும், காதால் கேட்டு எழுதவும் வேண்டும். தந்தி சேவையையே 2013 ஜூலையில் மூடிவிட்டோம், இன்னும் எதற்கு மோர்ஸ் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஹாம்களுக்கு மோர்ஸ் கட்டாயம் என்ற விதியைச் சர்வதேச அளவிலேயே 2003-ல் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும், குரல் இரைச்சலில் கரைந்துபோகும் இடத்தில் `டிட்... டா...' மட்டும் காதில் விழும் என்பது உண்மை. மனமில்லாதவர்கள் ரெஸ்ட்ரிக்டட் கிரேடோடு நிறுத்திக்கொள்ளலாம். அதை வைத்தே கடல் கடந்து பேச முடியும். அனுமதிக்கப்படும் சக்தி குறைவு, அவ்வளவுதான்.

விண்ணப்பம் `சரல் சஞ்சார்' இணையதளம் வழியாக. 2023-ல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்த பிறகு விதிகள் மாறிவருவதால், கட்டணத்தையும் படிவத்தையும் யார் வாய் கேட்டும் நம்பாமல் அங்கேயே பார்த்துக்கொள்வது நல்லது. பின்னணி விசாரணை உண்டு. அதற்கு மாதங்கள் ஆகலாம். பொறுமை வேண்டும். முடிவில் கிடைப்பது உங்களுக்கே உங்களுக்கான ஒரு கால் சைன். ஜெனரல் என்றால் வி.யு.2, ரெஸ்ட்ரிக்டட் என்றால் வி.யு.3 என்று தொடங்கும். வேறு யாருக்கும் அந்தப் பெயர் இருக்காது.

லைசென்ஸ் வந்த மறுநாள்

பலர் இங்கேதான் நின்றுவிடுகிறார்கள். லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டிவிட்டு, செட்டை அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். அவருக்கும் லைசென்ஸ் இல்லாதவருக்கும் புயல் அன்று பெரிய வித்தியாசம் இருக்காது.

பேசிப் பழகுவதுதான் விஷயமே. கையடக்க செட்டின் சக்தி சாதாரணமாக 5 வாட். அதன் அலை கண்ணுக்கு எட்டுகிற தூரம் போல நேர்க்கோட்டில் போகும், கட்டடம் வந்தால் தடுமாறும். மலைமேல் இருக்கும் ரிப்பீட்டர் அதை வாங்கித் திருப்பி அனுப்பினால் பல மாவட்டங்கள் தாண்டும். 40 மீட்டர் அலைவரிசை வேறு ரகம். வானத்தின் உச்சியில் மின்னூட்டம் பெற்ற காற்றடுக்கில் பட்டுத் திரும்பும். பகலில் தென்னிந்தியா முழுக்கக் கேட்பது, இரவில் பக்கத்து ஊரைத் தாண்டிக் குதித்து வெகுதூரத்தில் விழும். எந்த நேரத்துக்கு எது என்பதைப் புத்தகம் ஓரளவுதான் சொல்லும். காதுதான் மிச்சத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும்.

பேசும் முறையும் அப்படித்தான். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் ஹாம்கள் கூடும் `நெட்' உண்டு. ஒருவர் கட்டுப்படுத்துவார். அவர் கூப்பிட்டால்தான் மற்றவர் பேசலாம், ஒருவர் முடித்த பிறகே அடுத்தவர். நம் வீட்டு விசேஷங்களில் நால்வர் ஒரே நேரத்தில் பேசிப் பழகியவர்களுக்கு இது கொஞ்சம் சிரமம்தான்! பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டும். `பழனி' என்பதை ஆங்கில எழுத்துகளில் `பாப்பா, ஆல்ஃபா, லிமா, ஆல்ஃபா, நவம்பர், இந்தியா' என்று சொல்லும்போது முதல் நாள் சிரிப்பு வரும். கேட்டவர் எழுதியதைத் திருப்பிப் படிப்பார், சரிபார்த்த பிறகே அடுத்த செய்தி. காணாமல் போனவரின் பெயரும் ரத்த வகையும் அலையில் போகும் நாளில், ஓர் எழுத்து மாறினால் என்ன ஆகும் என்பதை நினைத்தால் சிரிப்பு நின்றுவிடும்.

மேற்கு வங்கத்தின் கங்காசாகர் மேளாவில் இந்தப் பழக்கத்துக்கு இன்னொரு பயன் கிடைத்திருக்கிறது. பொங்கல் சமயத்தில் லட்சக்கணக்கானவர்கள் கூடும் அந்த இடத்தில், கூட்டத்தில் தொலைந்துபோன முதியவர்களின் ஊரை விசாரித்து, அந்தந்த மாநில ஹாம்களைத் தொடர்புகொண்டு குடும்பத்தோடு சேர்த்துவைக்கிறார்கள் மேற்கு வங்க ரேடியோ கிளப்பினர்.

செலவைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் வீட்டில் சண்டை வரும். உலகம் சுற்றும் பெரிய செட் புதிதாக வாங்கினால் லட்ச ரூபாயைத் தொடும். ஆனால், அதற்கும் நம் ஊர் வழி ஒன்று இருக்கிறது. ஹைதராபாத்தைச் சேர்ந்த ஹாம் அஷ்ஹர் ஃபர்ஹான், சாதாரண ரேடியோ கடைகளில் கிடைக்கும் பொருள்களை வைத்து `பிட்எக்ஸ்' என்ற செட்டை வடிவமைத்தார். காயில் சுற்றத் தேவையான வளையம் கிடைக்காதவர்களுக்கு, ஹார்டுவேர் கடையில் விற்கும் குழாய் வாஷரையே பயன்படுத்திக் காட்டினார். உலகம் முழுக்க ஹாம்கள் அதைச் செய்து பார்த்தார்கள். சாலிடரிங் பழகியவர்களுக்கு ரிச்சி ஸ்ட்ரீட்டில் அரை நாள் போதும்.

ஆன்டெனாவும் பெரிய விஷயமில்லை. 40 மீட்டருக்குச் சுமார் 20 மீட்டர் நீளக் கம்பி, நடுவில் கேபிள். மொட்டை மாடியில் துணி காயப்போடும் கொடிக்கு மேலே ஒன்று கட்டிவிடலாம், மின்கம்பியிலிருந்து விலகி இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்க்க வேண்டும். இடி மின்னல் வந்தால் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். மின்சாரம் போனால்? பெரும்பாலான செட்டுகள் 12 வோல்ட் பேட்டரியில் ஓடுபவை. வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரியும் அதே 12 வோல்ட்தான்.

கடைசியாக, எதற்கு இது கூடாது? வியாபாரம் பேசக் கூடாது, பாட்டுப் போடக் கூடாது, ரகசியச் சங்கேதத்தில் பேசக் கூடாது. கடைக்கு ஆர்டர் சொல்லவும், டிரைவரைக் கூப்பிடவும் இது போன் அல்ல. பேசியதற்கெல்லாம் குறிப்பேட்டில் கணக்கு எழுத வேண்டும். உங்கள் பேச்சை யார் வேண்டுமானாலும் கேட்கலாம்.

பிள்ளைகளுக்கு ஆர்வம் வருமா என்ற சந்தேகம் இருந்தால், விண்வெளி நிலையத்திலிருந்து தொடங்குங்கள். 2025 ஜூலையில் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து இந்திய மாணவர்களோடு பேசியது ஹாம் ரேடியோ வழியாகத்தான். நிலையம் நம் தலைக்கு மேல் கடக்கும் நேரத்தை இணையத்தில் பார்த்துக்கொண்டு, லைசென்ஸ் உள்ள ஹாம் ஒருவர் வீட்டு மாடிக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகலாம். 145.800 மெகாஹெர்ட்ஸில் செட்டைத் திருப்பி வைத்துக் காத்திருக்க வேண்டும். ஒரு முறை கடக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. சில நாள் வெறும் இரைச்சல்தான் வரும், சில நாள் குரல் வரும்.