மாமாவின் ஜீப்பும் அரை அங்குலப் பட்டியும்

சங்கத்து நண்பர்கள் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "என்ன சார், ஜீப் ஓடுதா?" என்று கேட்கிறார்கள். லிங்கராஜபுரத்தில் என் வீட்டு வாசலில் பதினான்கு மாதம் சக்கரம் இல்லாமல் மரக்கட்டை மேல் நின்ற வண்டியைப் பார்த்தவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. ஓடுகிறது. ஆனால் அது ஏன் அத்தனை மாதம் நின்றது என்பதை நான் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஊரிலிருந்து அப்பாவின் புல்லட்டையோ தாத்தாவின் அம்பாசடரையோ கொண்டுவந்து புதுப்பிக்க நினைக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. அவர்களுக்காக எழுதுகிறேன்.

வண்டி என் தாய்மாமாவுடையது. அவர் போடிநாயக்கனூரில் ஏலக்காய் வியாபாரம் செய்தவர். போடிமெட்டு ஏறிப் பூப்பாறை போகிற பாதையில் தோட்டத் தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு இன்றும் ஜீப்புகள்தான் போகின்றன. மாமாவுடையது 1974-ஆம் வருடத்து மகிந்திரா சி.ஜே.3பி, பெட்ரோல் வண்டி. இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் பிறந்த வில்லிஸ் ஜீப்பின் வாரிசு. 1947-இல் பம்பாயில் ஜீப்பைப் பூட்டத் தொடங்கியபோது அந்தக் கம்பெனிக்கு மகிந்திரா அண்ட் முகமது என்று பெயர். கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தானுக்குப் போய் அங்கே நிதி மந்திரியாகவும் பிறகு கவர்னர் ஜெனரலாகவும் ஆனார். 1948-இல் இங்கே பெயர் மாறியது. சி.ஜே.3பி-யின் பானெட் மற்ற பழைய ஜீப்புகளைவிட உயரமாக இருக்கும். ஹரிக்கேன் இன்ஜினில் காற்றும் பெட்ரோலும் உள்ளே போகும் வால்வு மேலே ஹெட்டில், புகை வெளியேறும் வால்வு கீழே பிளாக்கில். அதனால் இன்ஜின் உயர்ந்தது. அதை மூட பானெட்டும் உயர்ந்தது. பெட்ரோல் செலவுக்குப் பயந்து பலர் டீசல் இன்ஜினை ஏற்றிவிட்டார்கள். மாமா கடைசிவரை மாற்றவில்லை.

மாமாவின் எண்பதாவது பிறந்த நாளுக்கு, துபாயில் இருக்கும் அவர் மகன் பணம் அனுப்பி, வண்டியைப் புதிதுபோல் ஆக்கச் சொன்னார். மூன்று லட்சத்துக்கு மேல் செலவு. பட்டறையின் பெயரும் ஊரும் இங்கே வேண்டாம். இருபத்தைந்து நாளில் வண்டி கல்யாணப் பெண் மாதிரி வந்து நின்றது. அடுத்த வருடம் மாமா போய்ச் சேர்ந்தார். அத்தை என்னிடம், "இரும்பு தெரிஞ்சவன் நீதான், நீயே வச்சுக்கய்யா" என்றார்கள். லாரியில் ஏற்றிப் பெங்களூர் கொண்டுவந்தேன்.

மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை. லிங்கராஜபுரம் மேம்பாலத்தின் இறக்கம். பக்கத்து சீட்டில் என் பேத்தி. பிரேக்கை மிதித்தேன், பெடல் தரை வரை போய் அங்கேயே நின்றது. இந்த வண்டிகளில் பிரேக்குக்கு ஒரே ஒரு சுற்றுதான். ஒரு இடத்தில் குழாய் விட்டால் நாலு சக்கரமும் போச்சு. ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன், நின்றது. பழைய ஜீப்பில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர்பாக்ஸுக்குப் பின்னால் தனி டிரம்மில் இருக்கிறது. பட்டறைக்காரர்களுக்கு அது கண்ணில் படவில்லை போலும். அவர்கள் கைவைக்காததால் அது ஒன்றுதான் ஒழுங்காக இருந்தது!

அன்று மாலையே பிரிக்க ஆரம்பித்தேன். பிரேக் லைன் முழுவதும் செம்புக் குழாய். செம்பை வளைப்பது எளிது, முனையை விரிப்பதும் சுலபம். ஆனால் அதிர்வில் நாளடைவில் இறுகி, விரிசல் விட்டுவிடும். பிரேக்குக்கு எஃகுக் குழாய்தான் போடவேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் ரப்பர் வாஷர்கள் ஊறி உப்பியிருந்தன. யாரோ பிரேக் ஆயிலோடு சாதா எண்ணெயைக் கலந்திருக்கிறார். முன் ஆக்சிலில் கிங்பின் பேரிங்குகளோடு இருக்கவேண்டிய மெல்லிய ஷிம் தகடுகள் ஒன்றுகூட இல்லை. நாற்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் ஆடியதற்குக் காரணம் அதுதான். நானோ டயர் பாலன்ஸ் என்று நினைத்து இரண்டு முறை காசு கொடுத்திருந்தேன். வில்லிஸ் வழி வந்த இந்த வண்டியில் இடப்பக்கச் சக்கரப் போல்டுகளுக்கு இடது மரை. அது தெரியாமல் வழக்கமான பக்கமே திருகி, இரண்டை முறித்து, அந்த இடத்தில் வலது மரைப் போல்டைப் போட்டிருந்தார்கள். ஒரே சக்கரத்தில் மூன்று போல்டு ஒரு பக்கம் கழலும், இரண்டு மறுபக்கம் கழலும். இன்ஜின் ஆயில் வடிகட்டியில் கேஸ்கட் பேஸ்ட் ரிப்பன் ரிப்பனாகச் சிக்கியிருந்தது. வயரிங்கை விட்டுவிடுகிறேன், ஒரு ஃபியூஸ்கூட இல்லை என்று சொன்னால் போதும்.

கடைசியில் சேசிஸ். வலப்பக்கத்தில் காந்தத்தை வைத்தேன், ஒட்டவில்லை. சுரண்டினால் பட்டி. அரை அங்குலம்! அதற்கு அடியில், துரு அரித்த இடத்தை வெட்டி எடுக்காமல் அதன் மேலேயே தகட்டை வைத்து, குறுக்கே நேர்க்கோட்டில் வெல்டிங். சேசிஸ் சட்டத்தில் குறுக்கு வெல்டிங் என்பது 'இங்கே முறி' என்று கோடு போட்டுக் கொடுப்பது மாதிரி. துருவை வெட்டி எடுத்துவிட்டு, சாய்சதுர வடிவத்தில் தகடு வெட்டி ஒட்டினால்தான் பளு ஒரே கோட்டில் விழாது.

தெரியாமல் செய்த தப்பை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. இடது மரையை முதன்முதலில் பார்க்கும் எந்தப் பையனும் முறிப்பான், நானும் முறித்திருக்கிறேன். ஆனால் அரை அங்குலப் பட்டி தெரியாமல் விழுவதல்ல. ஓட்டை இருப்பதைக் கண்ணால் பார்த்தவன்தான் அதைப் பூச முடியும். பழுதைத் திறந்தபடி விட்டிருந்தால் மாமாவே பார்த்திருப்பார். மூடி வண்ணம் அடித்ததால்தான் அது ஆபத்தானது.

ரயில்வேயில் நாங்கள் பெரிய யோக்கியர்கள் என்று சொல்ல வரவில்லை. அங்கேயும் அரைகுறை வேலை உண்டு. ஆனால் அடுத்த முறை ரயில் ஏறும்போது பெட்டியின் கோடிச் சுவரைப் பாருங்கள். எந்தப் பணிமனையில், எந்தத் தேதியில் முழுப் பராமரிப்பு நடந்தது, மறுபடி எப்போது திரும்பவேண்டும் என்று பெயிண்டில் எழுதியிருக்கும். ஏதாவது நேர்ந்தால் எந்தப் பணிமனைக் கதவைத் தட்டுவது என்று தெரியும். மூன்று லட்சம் வாங்கிக்கொண்ட பட்டறை, என்ன செய்தோம் என்று ஒரு துண்டுக் காகிதம்கூடத் தரவில்லை. 'முழு வேலை' என்று இரண்டு சொல்லில் ஒரு ரசீது, அவ்வளவுதான்.

இதில் நம் பங்கும் உண்டு என்பது என் தாழ்மையான கருத்து. நாம் பணத்தைப் பெயிண்டுக்குத்தான் கொடுக்கிறோம். விழாவுக்கு முன்னால் வேண்டும் என்று நாள் குறித்துவிடுகிறோம். சேசிஸைப் பிரித்துக் காட்டி, "இதற்கே இரண்டு மாதம் ஆகும்" என்று சொல்லும் மெக்கானிக்கை, பணம் பிடுங்கப் பார்க்கிறான் என்று விட்டு வருகிறோம். நாள் சொல்லாதவனிடம் வேலை கொடுக்கமாட்டோம். நாளுக்குள் முடிப்பவன் பட்டிதான் பூசுவான். பட்டி போடுவதற்கு முன் என்னைக் கூப்பிடு, கழற்றிய பழைய சாமானைச் சாக்கில் கட்டிக் கொடு, மாற்றியதை எழுதிக் கொடு என்று கேட்டால் எந்த நல்ல வேலைக்காரனும் கோபித்துக்கொள்ளமாட்டான். கோபித்துக்கொள்பவனிடமிருந்து வண்டியைத் திரும்பத் தள்ளிக்கொண்டு வந்துவிடலாம்.

எனக்குக் கிடைத்த வெல்டர் கோலார் தங்கவயல்காரர். 2001-இல் சுரங்கக் கம்பெனி மூடியபோது வேலை இழந்து, அன்றிலிருந்து காலை ரயிலில் பெங்களூர் வந்து போகிற பல நூறு பேரில் ஒருவர். முதல் நாள் சேசிஸைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, இதைச் செஞ்சவன் வெல்டிங் தெரிஞ்சவன்தான். அதான் வருத்தமா இருக்கு" என்றார். வாரத்தில் ஒரு நாள்தான் வருவார். பதினான்கு மாதம் ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். ஜே.சி. ரோட்டில் புதுச் சாமான், அங்கே கிடைக்காததற்கு சிவாஜிநகர் குஜிரி. எஞ்சியது கடிதப் போக்குவரத்து: வாரிசு மாற்றத்துக்கு 31-ஆம் படிவம், மாநிலம் மாற்றத் தடையில்லாச் சான்று. ஆர்.டி.ஓ. ஆபீசில் சேசிஸ் நம்பரைப் பென்சிலால் தேய்த்துப் பிரதி கொடுக்கவேண்டும் அல்லவா? அந்த நம்பரும் கறுப்புப் பெயிண்டுக்கு அடியில்தான் கிடந்தது. ஐம்பது வருடம் கடந்த வண்டிகளுக்கு 2021-இல் வந்த 'வி.ஏ.' பதிவு உண்டே என்று சிலர் சொன்னார்கள். அதில் பதிந்தால் கண்காட்சிக்கும் ஊர்வலத்துக்கும்தான் வெளியே எடுக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாது. வேண்டாம் என்றுவிட்டேன்.

கஷ்டமாக இருந்தது இதெல்லாம் இல்லை. துபாயிலிருந்து மாமா மகன் மாதம் ஒருமுறை போன் செய்வார். "அத்தான், அப்பா வண்டி எப்படி இருக்கு?" என்று கேட்பார். "ஜம்முனு இருக்கு" என்பேன். ஐந்து மாதம் இப்படியே சொன்னேன். ஆசையாக அப்பாவுக்குச் செய்த காரியத்தை எப்படிக் குறை சொல்வது? ஒரு நாள் இரவு யோசித்துப் பார்த்தபோது, பட்டறைக்காரன் செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று தோன்றியது. மறுநாள் போட்டோக்களை அனுப்பி, எல்லாவற்றையும் சொன்னேன். பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து, "அந்த பிரேக்கோடதான் அப்பா போடிமெட்டு ஏறி இறங்கினாரா அத்தான்?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

தீபாவளிக்கு வருகிறார். வண்டியை நீங்கள்தான் ஓட்டவேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். டேஷ்போர்டு பெட்டிக்குள் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது; எந்தத் தேதியில் எதை மாற்றினோம், யார் செய்தது, எதை அப்படியே விட்டோம் என்று எல்லாம் அதில் உண்டு. பின்கதவின் நசுங்கலை அப்படியேதான் விட்டோம். அது மாமா காலத்தது.

பெட்ரோல் மீட்டர் மட்டும் இன்னும் சரியாகவில்லை. முள் எப்போதும் பாதியிலேயே நிற்கிறது. அத்தையிடம் சொன்னேன். "அது என்னைக்கு வேலை செஞ்சுது? உங்க மாமா குச்சி விட்டுத்தான் பார்ப்பாரு" என்றார்கள். டிரைவர் சீட்டைத் தூக்கினால் டேங்க். பக்கத்தில் ஒரு மூங்கில் குச்சி. மாமா கத்தியால் போட்ட ஐந்து லிட்டர், பத்து லிட்டர் கோடுகள் அதில் இருக்கின்றன. அளந்து ஊற்றிப் பார்த்தேன், சரியாகவே இருக்கின்றன.