வண்டி என்னுது, சாவி யாருது?

முழுப் பணமும் கட்டி, என் பேர்ல ஆர்.சி. வாங்கி, வருசா வருசம் இன்சூரன்ஸ் கட்டி ஓட்டுற வண்டிங்க. அதுக்கு இன்னொரு சாவி வேணும்னா மட்டும், வித்தவன் வாசல்லயே போய்க் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அவன் சொல்ற விலை, அவன் சொல்ற நாள். இதை நாம எல்லாரும் சகஜம்னு எடுத்துக்கிட்டோம். எனக்கு இது சகஜமாப் படலை.

பட்டணத்துல சாவி தொலைஞ்சா அது ஒரு எரிச்சல். போனை எடுத்து வாடகை வண்டி கூப்பிட்டு ஆபீஸ் போயிடலாம். சர்வீஸ் சென்டரும் அதே ரோட்டுல இருக்கும். இங்க எங்க பக்கம் அப்படி இல்லீங்க. ஒரு ஊருக்கு நாலு கார் இருந்தா, அந்த நாலும் ஊருக்கே ஆம்புலன்ஸ். ராத்திரி பாம்பு கடிச்சாலும் அதுதான், பிரசவ வலி எடுத்தாலும் அதுதான். காய் ஏத்துற வண்டின்னா கதை இன்னும் மோசம். ஒட்டன்சத்திரம் சந்தைக்குத் தக்காளி போய்ச் சேர வேண்டிய நேரத்துக்குப் போகலைன்னா, அதே பெட்டியை அடுத்த நாள் யாரும் அதே விலைக்குக் கேக்க மாட்டாங்க. பழம் சாவிக்காகக் காத்திருக்காது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணன் ஒருத்தருக்கு நடந்ததைச் சொல்றேன். அவரோடது ரெண்டாங்கையா வாங்கின பிக்கப். கிராமத்துல பாதி வண்டி ரெண்டாங்கைதான், அதோட வர்றது பெரும்பாலும் ஒத்தைச் சாவிதான். மடை திருப்பப் போன இடத்துல அந்த ஒத்தைச் சாவியும் சேத்துல விழுந்து போச்சு. வண்டியில தக்காளி ஏத்தியாச்சு. டவுன்ல இருந்து சாவி செய்யிறவர் வந்தார். அரை மணி நேரத்துல பூட்டைப் பாத்து ராவி ராவி ஒரு சாவி போட்டார். கதவு திறந்துச்சு, ஸ்டியரிங் பூட்டு விட்டுச்சு. சாவியைத் திருப்பினா இன்ஜின் ஒரு நொடி உறுமிட்டு அடங்கிருச்சு. மீட்டர்ல சாவிப் படம் போட்ட சின்ன விளக்கு மினுக்குது. "அண்ணா, இரும்பு வேலை என்னோடது முடிஞ்சுது. இனி கம்பெனி கோடு இல்லாம இது ஓடாது"ன்னு சொல்லிட்டுக் கூலியைப் பாதியா வாங்கிட்டுப் போனார், பாவம்.

வேற வண்டி பிடிச்சு மூட்டை மாத்தி அன்னைக்குச் சமாளிச்சாங்க. ஆனா பிக்கப்பை டிராக்டர்ல கட்டி முப்பத்தெட்டு கிலோமீட்டர் இழுத்துக்கிட்டுப் போக வேண்டியதாச்சு. அங்க சொன்ன பதில்: எல்லாச் சாவியும் தொலைஞ்சதால முழு பூட்டு செட்டையும் மாத்தணும், பதினாலாயிரம் ஆகும், சாமான் வர ஒன்பது நாள் ஆகும். சாவி தொலைஞ்சதுக்குக் கதவை ஏன் மாத்தணும்னு அண்ணன் கேட்டார். "சிஸ்டம் அப்படித்தாங்க"ன்னு பதில் வந்துச்சு. எந்தக் கம்பெனின்னு கேக்காதீங்க. எல்லாக் கடையிலயும் இதே பாட்டுதான்.

அந்த விளக்கு ஏன் மினுக்குதுன்னு தெரிஞ்சுக்கணும். இப்ப வர்ற சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள்ள அரிசி மணியை விடக் கொஞ்சம் பெரிசா ஒரு சிப் இருக்கு. அதுக்கு பேட்டரி கிடையாது. சாவி போடுற துவாரத்தைச் சுத்தி ஒரு கம்பிச் சுருள் இருக்கு. சாவியைத் திருப்பினதும் அந்தச் சுருள் ரேடியோ அலையை அனுப்பும். சிப் அந்த அலையில இருந்தே சக்தி எடுத்துக்கிட்டுத் தன் அடையாளத்தைச் சொல்லும். வண்டியோட கம்ப்யூட்டர் அதை ஒத்துக்கிட்டாத்தான் டீசலை விடும். இதுக்குப் பேர் இம்மொபிலைசர். புதுச் சாவி போடணும்னா ரெண்டு வேலை இருக்கு: இரும்பை வெட்டணும், அந்தச் சிப்பை வண்டிக்கு அறிமுகப்படுத்தி வைக்கணும். முதல் வேலையை நம்ம ஊர்க்காரர் செஞ்சிருவார். ரெண்டாவதுக்கு வேண்டிய ரகசிய எண்ணைத்தான் கம்பெனிக்காரன் இடுப்புல முடிஞ்சு வெச்சிருக்கான்.

இம்மொபிலைசர் வேண்டாம்னு நான் சொல்லலைங்க. அது நல்ல சாமான். ஐரோப்பாவுல 1998ல இருந்து புதுக் கார்களுக்கு அதைக் கட்டாயமாக்கினாங்க, திருட்டும் குறைஞ்சுது. கனடாவுல 2007ல கட்டாயமாச்சு. அமெரிக்காவுல அப்படிச் சட்டம் இல்லை. அங்க ஹூண்டாய், கியா கார்கள்ல பல மாடல் இது இல்லாமலேயே வித்தாங்க. 2021, 2022ல பொடிப் பசங்க யுஎஸ்பி ஒயர் முனையை வெச்சுத் திருகியே அந்தக் கார்களை ஓட்டிக்கிட்டுப் போனாங்க. அதனால பூட்டு வேணும், பலமாவும் வேணும். என் கேள்வி, அந்தப் பூட்டு யாரை வெளிய நிறுத்துதுங்கறதுதான்.

"கோடை எல்லாருக்கும் கொடுத்தா திருடனுக்கும் போயிருமே"ன்னு படிச்சவங்க கேப்பீங்க. நியாயமான கேள்வி. திருடனைப் பத்தி முதல்ல பாப்போம். பட்டன் அமுக்கி ஸ்டார்ட் பண்ற வண்டிகளை வெளிநாட்டுல எப்படித் திருடறாங்க தெரியுமா? ஒருத்தன் வீட்டு வாசல்ல ஒரு கருவியோட நிப்பான், இன்னொருத்தன் கார் பக்கத்துல நிப்பான். வீட்டுக்குள்ள ஆணியில தொங்குற சாவியோட அலையை அங்கிருந்து இங்க கடத்துவாங்க. சாவி பக்கத்துலதான் இருக்குன்னு கார் நம்பிரும். இதுக்குக் கம்பெனி கோடே தேவைப்படலை.

இன்னொண்ணு. மேகமாஸ் கிரிப்டோன்னு ஒரு சாவிச் சிப், பல கம்பெனிக் கார்கள்ல இருந்தது. இங்கிலாந்து, நெதர்லாந்து பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் அதுல ஓட்டை இருக்குன்னு கண்டுபிடிச்சு எழுதினாங்க. ஃபோக்ஸ்வாகன் 2013ல லண்டன் நீதிமன்றத்துக்குப் போய் அந்தக் கட்டுரை வெளிவராமத் தடை வாங்குச்சு. ரெண்டு வருசம் கழிச்சு, 2015லதான் ஒரு வாக்கியத்தை எடுத்துட்டு அது வெளிய வந்துச்சு. அந்த ரெண்டு வருசமும் ஓட்டை அப்படியேதான் இருந்துச்சு, காரை வாங்கினவனுக்கு மட்டும் விவரம் தெரியலை. ரகசியம் ரகசியம்னு சொல்றது பல நேரம் இப்படித்தான் முடியுது.

கோடைத் தெருவுல எறியச் சொல்லி யாரும் கேக்கலை. அமெரிக்காவுலயே ஒரு வழி வெச்சிருக்காங்க. பின்னணி விசாரிச்சு, பதிவு பண்ணின பூட்டுத் தொழிலாளிக்குக் கார் கம்பெனிகள் சாவி எண்ணைக் கொடுக்கும். வண்டி யாருடையதுன்னு அவர் காகிதம் பாத்து, கையெழுத்து வாங்கி வெச்சுக்கணும். யாருக்காக எந்த எண்ணை எடுத்தார்னு பதிவு இருக்கும். தப்பு நடந்தா ஆளைப் பிடிக்கலாம். ஆர்.சி., ஆதார், செல்போன் ஓ.டி.பி. எல்லாம் கையில வெச்சிருக்கிற நம்ம நாட்டுல இதைச் செய்ய முடியாதா? ரேசன் கடையில கைரேகை வெச்சுத்தானே அரிசி வாங்குறோம்?

முடியாதுன்னு இல்லீங்க, மனசு இல்லை. ஏன்னா சாவியில லாபம் இருக்கு. வண்டி வாங்குறப்ப நாலு ஷோரூம் ஏறி இறங்கி ஆயிரம் ரெண்டாயிரம் பேசிக் குறைப்போம். வாங்கின பிறகு சாவிக்கு நாலு கடை கிடையாது, ஒரே கடைதான். பேரமே பேச முடியாத இடத்துல நம்மைக் கொண்டுபோய் நிறுத்தியாச்சு.

இது என் கற்பனை இல்லை. 2014 ஆகஸ்ட்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ரூ.2,544 கோடி அபராதம் போட்டது. உதிரி பாகத்தையும், பழுது கண்டுபிடிக்கிற கருவியையும் வெளிப் பட்டறைக்காரங்களுக்குக் கிடைக்க விடாமப் பண்ணினாங்கங்கறதுதான் குற்றச்சாட்டு. அப்புறம் மேல்முறையீடு. 2016ல தீர்ப்பாயம் மூணு கம்பெனி விசயத்துல, செஞ்சது தப்புதான்னு சொல்லி அபராதத்தை மட்டும் குறைச்சுது. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்காக ஒரு குழு போட்டுச்சு. அந்த உரிமை முக்கியமாத் தேவைன்னு எடுத்துக்கிட்ட துறைகள்ல விவசாயக் கருவியும் உண்டு, மோட்டார் வாகனமும் உண்டு. அந்த வருசக் கடைசியில இணையதளமும் திறந்தாங்க. இணையதளம் திறந்துச்சு, எங்க ஊர் வண்டிக் கதவு திறக்கலை.

இதுல எனக்கு ரொம்ப வலிக்கிறது என்னன்னா, இது எங்க மண்ணு. திண்டுக்கல் பூட்டுன்னா உலகத்துக்கே தெரியும். 2019ல புவிசார் குறியீடு வாங்கின பூட்டு. அப்பன், பாட்டன் காலத்துல இருந்து கையால நெம்புகோல் ராவி, ஒரு பூட்டோட சாவி இன்னொண்ணுல சேராம செஞ்ச கைகள் இருக்கிற மாவட்டம். கோவில் உண்டியலுக்கும் பெட்டகத்துக்கும் பூட்டு செய்ய அந்தக் கையை நம்பினோம். இன்னைக்கு அதே தொழில் பாத்தவர் மகன் ஒரு காருக்குச் சாவி போட்டா, நாம அதுக்கு வெச்சிருக்கிற பேர் "கள்ளச்சாவி". உடைமைக்காரன் கேட்டு, பகல்ல, நடுவீதியில, அவன் கண் முன்னால செய்யிற சாவியில என்னங்க கள்ளம் இருக்கு?

பழைய டிராக்டர் வெச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். ஒரே கம்பெனி டிராக்டர்னா ஒருத்தர் சாவி இன்னொருத்தர் டிராக்டருக்குப் பல நேரம் சேரும். சாவி காணோம்னா பக்கத்துக் காட்டுல வாங்கிட்டு வந்து உழவை முடிச்சிட்டுத் திருப்பிக் கொடுப்போம். அந்தக் காலத்துக்கே திரும்பிப் போகணும்னு சொல்ல வரலை. எல்லாருக்கும் ஒரே சாவிங்கறதும் சரியில்லை, உடைமைக்காரனுக்கே சாவி இல்லைங்கறதும் சரியில்லை.

கேக்கறது நாலே நாலுதான். வண்டி கொடுக்கும்போதே சாவி எண்ணையும் இம்மொபிலைசர் ரகசிய எண்ணையும் முத்திரை போட்ட உறையில உடைமைக்காரன் கையில கொடுக்கணும். ரெண்டு சாவியும் முழுச் சாவியா இருக்கணும். மாற்றுச் சாவிக்கு என்ன விலை, எத்தனை நாள்னு வண்டி விலைப் பட்டியல்லயே அச்சடிக்கணும். அரசாங்கம் பதிவு பண்ணின பூட்டுத் தொழிலாளிக்கு, ஆர்.சி. பாத்துப் பதிவு வெச்சுக்கிட்டுச் சாவி போட உரிமை கொடுக்கணும்.

இதெல்லாம் வர்ற வரைக்கும் நீங்க சும்மா இருக்க வேண்டியதில்லை. புதுச் சாவியோட ஒரு சின்னத் தகடு வரும், அதுல ஒரு எண் இருக்கும். அதை எழுதி வீட்டுல பத்திரமா வைங்க, சாவிக் கொத்துலயே தொங்க விடாதீங்க. பழைய வண்டி வாங்குனா ரெண்டாவது சாவியைக் கேளுங்க, இல்லைன்னா விலையில கழிங்க. திருட்டுக்கு இன்சூரன்ஸ் கேக்கும்போது ரெண்டு சாவியையும் கேக்கறது வழக்கம். ஒரு சாவி தொலைஞ்சா இன்னொண்ணு கையில இருக்கும்போதே மாற்றுச் சாவி போட்டுருங்க, எல்லாம் போனப்புறம் செலவு பல மடங்கு. யாராவது திருடியிருப்பாங்கன்னு சந்தேகம் இருந்தா ஸ்டேசன்ல எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்க, பழைய சாவியை வண்டி ஒத்துக்காதபடி அழிக்கவும் சொல்லுங்க. சாவியைப் படம் பிடிச்சு "புது வண்டி"ன்னு எங்கயும் போடாதீங்க, படத்தைப் பாத்தே வெட்டுற கை இருக்கு.

அடுத்த வண்டி வாங்கப் போறவங்க ஷோரூம்ல மைலேஜ் கேக்கறதுக்கு முன்னால இதைக் கேளுங்க: "சாவி தொலைஞ்சா என்ன ஆகும்? எழுதிக் கொடுங்க." பட்டணத்துல நூறு பேர் கேட்டாத்தான் அது கம்பெனி காதுல விழும். நாங்க கேட்டா டிராக்டர் சத்தத்துல போயிடுது. திறக்கிற உரிமை இல்லாத வண்டிக்கு முழு விலை கொடுக்கிறது, வாடகை வீட்டுக்குக் கிரயப் பணம் கொடுக்கிற மாதிரிங்க.